புகைக்கரியும் மகசூலும்

செங்கற்சூளைக்கு அருகிலுள்ள வயல்களிற் கரி படிவதைக் கண்டு, ‘அதுவும் உரந்தானே’ என்று கூறுவாருண்டு. இங்கிலாந்தில் நிலக்கரிப் புகைக்கரியைக் கோதுமை வயலுக்கு உரமாக இட்டது மெய்யே. அதிற் சிறிது தழைச்சத்து உண்டு. ஆயினும் மண்ணில் இடும் கரி வேறு; இலைமேற் படியும் கரி வேறு.

இலையானது சூரிய வெளிச்சத்தைக் கொண்டே ஆகாரத்தைத் தயாரிக்கின்றது. கரி மூடினால் வெளிச்சம் தடைப்படும். இலையின் சூக்ஷ்மமான துவாரங்களும் அடைபடும். நிலக்கரிப் புகைக்கரியில் தார் கலந்திருப்பதால் மழையும் அதனை எளிதிற் கழுவிவிடாது.

இது வெறும் ஊகமன்று. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்துப் புகையை ஆராய்ந்த கோஹன், ரஸ்டன் என்னும் இருவர் 1912-ல் ‘புகை’ என்ற நூலை வெளியிட்டனர். ஆலைகள் நிறைந்த பகுதியை நெருங்க நெருங்கப் பயிரின் வளர்ச்சி குன்றியதென்பது அங்கு நடந்த பரீக்ஷைகளின் முடிவு.

பயிர் கருகினாலன்றி நஷ்டமில்லையென்று கருதுவது தவறு. கருகாமலே மகசூல் குறையக்கூடும். ஆதலால் குடியானவர்கள், ஒரே மண்ணில் ஒரே விதையும் உரமும் இட்டு, சூளைக்கு அருகிலும் தொலைவிலும் விளைந்ததைத் தனித்தனியே நிறுத்துக் குறித்துவைத்தல் வேண்டும். அக்குறிப்பே முறையீட்டுக்குத் தக்க ஆதாரமாகும். சூளைக்கு இடம் பார்க்குங்கால், கிராம அதிகாரிகள் பயிர்க்காலத்துக் காற்றின் திசையையும் விசாரித்தறிதல் அவசியம்.

சூளை பலருக்குக் கூலி தருகின்றது என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் அதன் செலவில் ஒரு பங்கை அயல்வயற்காரர் தம் மகசூலிலிருந்து செலுத்துவது நியாயமாகாது.