வீட்டுக் கணக்கு: கொல்லைப்புறத்துக்கு எவ்வளவு ஜல்லி?

போன மழைக்காலத்தில் என் மாமியார் கொல்லைப்புறச் சேற்றில் வழுக்கி விழுந்துவிட்டார். மணிக்கட்டு முறிந்து, ஆறு வாரம் மாவுக்கட்டு. அடுத்த மழைக்குள் அங்கே ஜல்லி பரப்பிவிடுவது என்று அன்றே தீர்மானித்தேன். மாதச் செலவில் மிச்சம் பிடித்த பணம் கொஞ்சம் இருந்தது. ஆனால் எவ்வளவு ஜல்லி வேண்டும்?

டேப் வைத்து அளந்தேன். நீளம் 20 அடி, அகலம் 10 அடி. 3 இஞ்ச் கனம் போதும் என்றார் கொத்தனார். மூன்றையும் பெருக்கினால் 600. நூறு கன அடி ஒரு யூனிட். ஆக, ஆறு யூனிட்! லாரிக்காரருக்குப் போன் செய்யப் போனேன். ஒன்பதாவது படிக்கும் என் மகன் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, நீளமும் அகலமும் அடியில இருக்கு, கனம் மட்டும் இஞ்ச்ல இருக்கே?" என்றான்.

தலையில் குட்டிக்கொண்டேன். 12 இஞ்ச் ஓர் அடி. 3 இஞ்ச் என்றால் கால் அடி. இருநூறில் கால் பங்கு 50 கன அடி. அரை யூனிட்தான்! பன்னிரண்டு மடங்கு வாங்கித் தெருவை அடைத்திருப்பேன்.

சகோதரிகளே, நீங்களும் இப்படிக் கணக்குப் போடுங்கள். இடம் கோணலாக இருந்தால் சிறு சிறு சதுரங்களாகப் பிரித்து அளந்து கூட்டுங்கள். துவைக்கிற கல், துளசி மாடம் இருக்கும் இடத்தைக் கழித்துவிடுங்கள். மிதிபட்டு ஜல்லி அமுங்கும்; அதனால் பத்தில் ஒரு பங்கு கூடுதலாகச் சொல்லுங்கள்.

குழாயடிக்கு மட்டும் என்றால் லாரியே வேண்டாம். 4 அடிக்கு 3 அடி இடத்துக்கு 3 கன அடி போதும். ஒரு கன அடி சுமார் 28 லிட்டர். 14 லிட்டர் வாளியால் ஆறு வாளி!

கடையில் 'கிராவல்' என்று கேட்டால் செம்மண் வந்து இறங்கும். 'முக்கால் இஞ்ச் ஜல்லி' என்று தெளிவாகச் சொல்லுங்கள். வண்டி வந்ததும், கொட்டும் முன்பே தொட்டியின் உள்நீளம், உள்அகலம், ஜல்லி நிற்கும் உயரம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்கிப் பாருங்கள். கூச்சப்படாதீர்கள், பணம் நம்முடையது.

பரப்பும் முன் மண்ணைத் திமிசு போட்டு இறுக்கி, சுவரிலிருந்து வெளிப்பக்கம் வாட்டம் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அடியில் தண்ணீர் தேங்கும். ஓரத்தில் செங்கல் வரிசை வைத்தால் கல் சிதறாது. தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் கவனம். கல்லை வாயில் போட்டுக்கொள்ளும்.

வயதானவர்களுக்கு ஜல்லி மேல் கால் நிலைக்காது. அதனால் எங்கள் வீட்டில் குழாய் வரைக்கும் சொரசொரப்பான கல் பலகைகள் பதித்திருக்கிறோம். மிச்சமான பணம் அதற்கு உதவியது. இந்த மழையில் அத்தை யார் கையையும் பிடிக்காமல் துளசிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வருகிறார்.