பாட்டுக்கு ஒரு வாத்தியக்காரராவது வேண்டும்

முகத்துவாரத்திலோ கொட்டாஞ்சேனையிலோ இன்று ஒரு தமிழ்ப் பாட்டை ஒலிப்பதிவு செய்ய ஒரு படுக்கையறை போதும். மேசையில் ஒரு லெப்டொப், பக்கத்தில் சின்னதாக ஒரு கீபோர்ட், மூலையில் ஒரு மைக், வீதியில் போகும் லொறிச் சத்தத்தைத் தடுக்க ஜன்னலில் ஒரு தடித்த போர்வை. பாடகர் வருவார், பாடுவார், போய்விடுவார். வயலினும் புல்லாங்குழலும் தவிலும் கணினிக்குள்ளேயே இருக்கின்றன. வாத்தியக்காரர் என்று ஒருவர் அந்த வீட்டுப் படியேற வேண்டிய தேவையே இல்லை. கிழமை முடிவதற்குள் பாட்டு யூடியூபில் ஏறிவிடும்.

இதைக் கண்டு மூக்கைச் சுளிப்பது பெரிய மனிதர்களுக்குச் சுலபம். ஆனால் கையில் காசில்லாத ஒரு பிள்ளை தன் மெட்டை உலகத்துக்குக் கேட்க வைக்க முடிகிறதென்றால் அது இந்தப் படுக்கையறையால்தான். ஆகவே கணினியை ஏச வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறு. அந்தப் படியேறாத வாத்தியக்காரர் இப்போது எங்கே இருக்கிறார்?

கொழும்பில் அவருக்கு ஒரு காலத்தில் நிச்சயமான முகவரி இருந்தது. 1925 டிசம்பரில் தொடங்கிய கொழும்பு வானொலி, பின்னர் இலங்கை வானொலியாகவும் 1967இல் கூட்டுத்தாபனமாகவும் வளர்ந்தபோது, அதன் கலையகங்களில் வாத்தியக் குழுக்களும் வளர்ந்தன. கலைஞர்களைத் தரம் பிரிக்க 1952இல் இந்தியாவின் லக்னோவிலிருந்து இசை அறிஞர் ரத்தன்ஜங்கர் அழைக்கப்பட்டார். ஒருவரின் வாசிப்பை இன்னொருவர் காது கொடுத்துக் கேட்டுத் தரம் சொல்லி, அதற்கேற்ப வேலையும் சம்பளமும் கொடுக்கும் ஏற்பாடு அது. குறைகள் இருந்திருக்கும். ஆனாலும் வயலினோ கிளாரினெட்டோ நன்றாக வாசிக்கத் தெரிந்தால் கொழும்பில் பிழைக்கலாம் என்ற நம்பிக்கையை அது தந்தது.

நாகர்கோவிலில் பிறந்து இங்கு வந்து வேரூன்றிய ஆர். முத்துசாமி வயலின் கலைஞர். எம்.கே. ரொக்சாமியின் கையில் கிளாரினெட்டும் சக்ஸபோனும். இவர்கள் இருவரும் முகமட் சாலியும் இசையமைத்த சிங்களப் பாடல்களைத் தென்னிலங்கை இன்றும் முணுமுணுக்கிறது. ‘குத்துவிளக்கு’ (1972) தமிழ்ப் படத்துக்கு இசை முத்துசாமி. ‘வாடைக்காற்று’ (1978) படத்துக்கு ரி.எஃப். லத்தீப். பெயர்களை வரிசையாகப் படித்தாலே ஒன்று விளங்கும். இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம் எல்லாரும் ஒரே கலையகத்தில் ஒரே மைக்கைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் பிழை விட்டால் எல்லாரும் முதலிலிருந்து வாசிக்க வேண்டும். அப்படி ஒருவரையொருவர் பொறுத்துக்கொள்ளும் வேலையிடங்கள் இந்த நாட்டில் எத்தனை இருந்தன என்று எண்ணிப் பார்க்கலாம்.

எழுபதுகளில் இந்தியப் படங்களுக்கும் சஞ்சிகைகளுக்கும் கட்டுப்பாடு வந்த காலத்தில், உள்ளூர் மெல்லிசையும் பொப்பிசையும் தலையெடுத்தன. எஸ்.கே. பரராஜசிங்கம் போன்றோர் வானொலியில் ஈழத்து மெல்லிசைக்கு இடம் பிடித்தார்கள். நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ. மனோகரனும் கிற்றாரும் பைலாத் தாளமுமாக மேடைகளைக் கலக்கினார்கள். மனோகரன் பாடிப் பரப்பிய ‘சுராங்கனி’ கடல் கடந்து போய், இளையராஜா இசையில் 1977இல் தமிழ்நாட்டுப் படமொன்றிலும் இடம்பெற்றது. அந்தப் பாட்டின் உயிர் அதன் தாளத்தில் இருக்கிறது. அந்தத் தாளம் கைகளிலிருந்து வந்தது.

பிறகு 1983. அந்த ஆண்டு உலக இசைத் தொழிலில் இரண்டு பொருட்கள் அறிமுகமாயின. ஒன்று, வெவ்வேறு கம்பனிகளின் கருவிகளை ஒன்றோடொன்று பேசவைத்த ‘மிடி’ என்ற ஏற்பாடு. மற்றது, யமஹாவின் டிஎக்ஸ்7 கீபோர்ட். பித்தளை வாத்தியம், மணி, பியானோ என்று பலவற்றின் குரலை ஒரே பெட்டியிலிருந்து எழுப்பியது அது. அதே ஆண்டு ஜூலையில் தமிழருக்கு எதிரான வன்முறையில் கொழும்பு எரிந்தது. முகத்துவாரத்திலிருந்து களனி ஆற்றைக் கடந்தால் வருகிற ஹெந்தளையில் படத் தயாரிப்பாளர் கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்ரூடியோ தீக்கிரையானது. சிங்களப் படங்களின் மூலப் பிரதிகளும் அங்கே சாம்பலாயின. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீடு இழந்தவர்களில் பலர் கப்பலேறி வடக்கே போனார்கள், பலர் நாட்டை விட்டே போனார்கள். மற்ற நகரங்களில் வாத்தியக்காரரை மெல்ல மெல்ல வெளியே தள்ளியது கீபோர்ட். கொழும்புத் தமிழிசையிலோ, கீபோர்ட் வந்து சேர்வதற்கு முன்னரே பல நாற்காலிகள் காலியாகிவிட்டன. இந்த வித்தியாசத்தை மறந்துவிட்டுத் தொழில்நுட்பத்தின் மீது மட்டும் பழி போடுவது நேர்மையாகாது.

ஆனால் காலியான நாற்காலியை நிரப்பாமலே விட்டது நம்முடைய சோம்பல்.

கீபோர்ட் வயலினுக்கு ஈடாகாது என்பதை ரசனைப் பிரச்சினையாகச் சொல்லிச் சொல்லியே வாதம் நீர்த்துப் போய்விட்டது. கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். தோடி ராகத்தின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்கும் சுரமல்ல. அடியிலிருந்து எழும்பி, அசைந்து, திரும்பி வருகிற ஒரு போக்கு அது. வயலினில் அந்தப் போக்கை இடது கை விரல் தந்தியில் வழுக்கியே கொண்டுவருகிறது. வில்லின் அழுத்தமும் அதோடு கூடிக் குறையும். கீபோர்டில் ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு கட்டை. இடையில் உள்ளதைக் காட்ட, ஓரத்தில் இருக்கும் சில்லை இடது கையால் உருட்ட வேண்டும். கெட்டிக்காரர்கள் அதையும் அழகாகச் செய்வார்கள், மறுப்பதற்கில்லை. ஆனால் மிடியின் கணக்கில் ஒரு கட்டையை எவ்வளவு வேகமாக அழுத்தினோம் என்பதற்கு 128 படிகள்தான். வில் நடுவழியில் மனம் மாறி மெலிவதை அந்த ஒற்றை எண்ணுக்குள் அடைக்க முடியாது.

தவிலை எடுத்துக்கொண்டால் இன்னும் தெளிவாகும். பலாமரக் கொட்டு. ஒரு பக்கம் குச்சி, மறுபக்கம் விரல்களில் பசையும் துணியும் கொண்டு இறுக்கிய கூடுகள். கணினியில் கிடைக்கும் தவில் ‘லூப்’ நான்கு ஆவர்த்தனத்தை எடுத்து அச்சொட்டாகத் திருப்பித் திருப்பி வாசிக்கும். பாடகர் சரணத்தின் கடைசிச் சொல்லை இழுத்தாலும் அதற்குத் தெரியாது, விழுங்கினாலும் தெரியாது. மனிதரோ பாடகரின் மூச்சைப் பார்த்துத் தீர்மானத்தைக் கட்டுவார். யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி (1933–1975) போன்ற ஒருவரைத் தமிழ்நாட்டு மேடைகளும் கொண்டாடின. அவரை உருவாக்கிய மண்ணுக்கு அளவெட்டி, இணுவில் என்று ஊர்ப்பெயர்கள் உண்டு. வெளிநாட்டுக் கம்பனிகள் விற்கும் ஒலித்தொகுப்புகளில் அந்த ஊர்களின் வாசிப்பைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். கணினித் தவில் போட்ட ஈழத்துப் பாட்டு ஈழத்துப் பாட்டாக ஒலிக்காததன் காரணம் இதுதான்.

கலியாண மண்டபத்துக்குப் போனால் இந்த விஷயத்தில் எவருக்கும் சந்தேகம் வராது. கெட்டிமேளம் எப்போது முழங்க வேண்டும் என்பதை மாப்பிள்ளையின் கை முடிவு செய்கிறது. ஐயர் சைகை காட்டுவார், பெரியவர்கள் ‘கெட்டிமேளம், கெட்டிமேளம்’ என்று கத்துவார்கள், அந்தக் கணத்தில் தவில்காரரின் கை விழும். போனில் பதிந்து வைத்த கெட்டிமேளத்தை ஸ்பீக்கரில் போட்ட வீடுகளும் உண்டு. தாலி ஏறி முடிந்த பிறகு மேளம் வந்த கதையைச் சொல்லிச் சிரிப்பவர்களும் உண்டு. கிரிக்கெட் மைதானத்தில் பப்பரே வாத்தியக் குழு இருப்பதும் அதே காரணத்தால்தான். விக்கெட் விழும் நொடி ட்ரம்பட்காரருக்கு முன்கூட்டியே தெரியாது. கெத்தாராம மைதானத்தில் பப்பரேக்குப் பதில் ஒரு பென்டிரைவைச் செருகிப் பார்க்கட்டும், கூட்டம் என்ன சொல்லும் என்று!

சென்னையிலும் இதே கதைதான் என்று சிலர் கையை விரிப்பார்கள். முழுக்கச் சரியில்லை. ‘அன்னக்கிளி’யோடு 1976இல் வந்த இளையராஜா, நோட்டு எழுதி வாத்தியக்காரர்களிடம் நீட்டி, எல்லாரையும் ஒன்றாக வாசிக்க வைத்துப் பதிந்தவர். அவரே 1986இல் ‘புன்னகை மன்னன்’ படத்துக்குக் கணினி இசையைக் கையாண்டார். அதற்காக வயலின்காரர்களை வீட்டுக்கு அனுப்பிவிடவில்லை. ‘ஹே ராம்’ படத்துக்கும் 2005இல் வந்த திருவாசக இசைத்தட்டுக்கும் ஹங்கேரி வரை போய் முழு வாத்தியக் குழுவை அமர்த்தினார். 2025 மார்ச்சில் லண்டனில் ரோயல் பில்ஹார்மோனிக் குழு அவருடைய சிம்பொனியை மேடையில் வாசித்தது.

வாத்தியக்காரர்களின் வயிற்றில் அடித்தவர் என்று ‘ரோஜா’ (1992) வந்த நாளிலிருந்து ஏ.ஆர். ரஹ்மான் பேச்சு வாங்கியிருக்கிறார். கணினி இல்லாமல் அவர் இல்லை என்பது உண்மை. ஆனால் ‘பம்பாய்’ (1995) படத்தின் அந்தப் புகழ்பெற்ற இசைத்துண்டை நினைத்ததும் காதில் விழுவது நவீன் குமாரின் புல்லாங்குழல். இசைத்தட்டின் அட்டையில் வாசித்தவர்களின் பெயர்களை அச்சிடும் பழக்கத்துக்கு மதிப்பு கொடுத்தவரும் ரஹ்மான்தான். 2008இல் சென்னையில் இசைக் கல்லூரி தொடங்கி, வசதியில்லாத பிள்ளைகளுக்கு வயலினும் செலோவும் சொல்லிக் கொடுக்க வைத்தார். அவருடைய கணினி ஒலியைப் பின்பற்றியவர்கள் ஆயிரம் பேர். அவர் அட்டையில் அச்சிட்ட பெயர்ப் பட்டியலைப் பின்பற்றியவர்கள் எத்தனை பேர்?

தடை போடுவதால் ஒன்றும் நடக்காது. 1982இல் பிரித்தானிய இசைக் கலைஞர் சங்கத்தின் லண்டன் கிளையொன்று சிந்தசைசருக்கும் தாள இயந்திரத்துக்கும் தடை கேட்டுத் தீர்மானம் போட்டது. உலகம் சிரித்துவிட்டுக் கடந்து போனது. இப்போது இரண்டு வரி எழுதிக் கொடுத்தால் முழுப் பாட்டையும் தள்ளிவிடும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் வந்துவிட்டன. தங்கள் ஒலிப்பதிவுகளை அனுமதியில்லாமல் விழுங்கிவிட்டன என்று சூனோ, யூடியோ ஆகிய இரண்டின் மீதும் பெரிய இசைக் கம்பனிகள் 2024 ஜூனில் அமெரிக்காவில் வழக்குத் தொடர்ந்தன. அந்த இயந்திரங்களுக்குத் தீனி, மனிதர் வாசித்த பதிவுகளே. நம்முடைய வாசிப்பு எங்கும் பதிவாகவில்லையென்றால், நாளைய இயந்திரத்துக்கும் நம்மைத் தெரியாது.

காசு இல்லை என்பது உண்மையான மறுப்பு. யூடியூபில் சில ஆயிரம் பேர் பார்க்கும் ஒரு பாட்டுக்கு இருபது வயலின் வைக்கச் சொல்வது கூத்து. ஒருவர் போதும். கணினியில் போட்ட பத்து வயலினுக்கு மேலே ஒரே ஒரு உண்மையான வயலினைப் பதிந்தால் காது அந்த ஒன்றையே பிடித்துக்கொள்ளும். இது ஒலிப்பதிவுக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த வித்தை. நாலு இளம் இசையமைப்பாளர்கள் சேர்ந்து ஒரு நாளுக்கு ஒரு வாத்தியக்காரரை அழைத்தால், செலவும் நாலாகப் பிரியும்.

வாசிக்க ஆளில்லை என்று மட்டும் யாரும் சொல்லக் கூடாது. வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைகளுக்கு வருடா வருடம் பிள்ளைகள் வயலினும் வீணையும் மிருதங்கமும் தூக்கிக்கொண்டு போகிறார்கள். கலாவித்தகர் பட்டம் வரை வருகிறார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் மட்டக்களப்பு விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலும் பட்டம் பெற்றவர்கள் இருக்கிறார்கள். பம்பலப்பிட்டி சரஸ்வதி மண்டபத்தில் நடக்கும் அரங்கேற்றங்களில் பக்கவாத்தியம் வாசிப்பவர்களின் திறமை ஊரறிந்தது. பெற்றோர் பட்டுப் புடைவைக்கும் சாப்பாட்டுக்கும் அழைப்பிதழுக்கும் கணக்குப் பார்க்காமல் செலவழித்து ஒரு பிள்ளையை மேடையேற்றுகிறார்கள். மறுநாள் வயலின் பெட்டிக்குள் போகிறது. பிள்ளை கணக்கியல் படிக்கப் போகிறது. அதற்குப் பிறகு அந்தப் பெட்டியைத் திறப்பதற்கு ஒரு காரணத்தைச் சமூகம் தருவதில்லை. வாசித்துக் காசு பார்க்க ஒரு ஒலிப்பதிவு, பெயர் சொல்ல ஒரு பாட்டு, அவ்வளவுதான் தேவை.

இதில் முதல் பொறுப்பு இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்துடையது. கலையகமும் அனுபவமும் முத்துசாமி, ரொக்சாமி காலத்துப் பெயரும் அதனிடம்தான் இருக்கின்றன. மாதம் ஒரு புதிய தமிழ்ப் பாட்டை, முழுக்க வாத்தியக்காரர்களைக் கொண்டு பதிந்து ஒலிபரப்பினால் வருடத்துக்குப் பன்னிரண்டு. அது ஒரு நிறுவனத்துக்குத் தாங்க முடியாத செலவல்ல. கோயில் திருவிழாவுக்குப் பக்திப் பாடல் இறுவட்டு வெளியிடும் அறங்காவலர் சபைகள், வாசலில் வாசிக்கும் நாதஸ்வரக் குழுவையே பாட்டிலும் வாசிக்கக் கேட்கலாம். மற்றது முகத்துவாரத்துப் படுக்கையறைத் தம்பி, தங்கைகளுக்கு: அடுத்த பாட்டுக்கு ஒரு வாத்தியக்காரரை வீட்டுக்கு அழையுங்கள். பேசிய காசை அன்றே கொடுங்கள். பாட்டின் விவரக்குறிப்பில், பாடியவரின் பெயருக்குக் கீழே அவருடைய பெயரையும் வாத்தியத்தையும் தமிழில் எழுதுங்கள்.