அறத்திற்கும் ஓலை வேண்டும்

அறம் செய்வார்க்கு நல்லெண்ணம் ஒன்றே போதும் எனக் கருதுவார் பலர். எழுத்தும் கையொப்பமும் வாணிகர்க்கு உரியன. பொருளாசை இல்லாத இருவர் ஒரு நற்செயலில் கூடும்போது அவர்க்கிடையே ஓலை எதற்கு என்பது அவர் வினா. இவ்வினா கேட்பதற்கு இனிது, உலகியலுக்கு ஒவ்வாது. பொருளாசை இல்லாதவரும் மூப்படைவர், மறதி கொள்வர், ஒருநாள் மறைவர். அவர் தொடங்கிய அறமோ அவருக்குப் பின்னும் நிற்க வேண்டுவது. ஆதலின் யார் எதனைக் கொடுத்தார், யார் எதனைக் காப்பதாக உடன்பட்டார் என்பது எழுத்தில் இருத்தல் வேண்டும்.

பழந்தமிழர் இதனை நன்கு அறிந்திருந்தனர். கோயிலில் ஒரு நந்தாவிளக்கு எரிவதற்கென ஒருவர் 96 ஆடுகளை விட்டால், அவற்றை ஏற்றவர் அளக்க வேண்டிய நெய்யின் அளவும் கல்லில் வெட்டப்பட்டது. சாதலும் மூத்தலும் ஆட்டிற்கு இயல்பு. தொகை மட்டும் குறைதல் கூடாது. இதனாலேயே அவை 'சாவா மூவாப் பேராடு' எனப்பட்டன.

கல்விக்கும் இம்முறையே கையாளப்பட்டது. இன்றைய விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரம் என்னும் ஊரில், முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில், ஒரு கல்லூரி நடைபெற்றது. மாணவர் 340 பேர். ஆசிரியர் 14 பேர். கல்வெட்டு இத்தொகையோடு நின்றுவிடவில்லை. எவ்வகை மாணவர்க்கு எவ்வளவு நெல், ஆசிரியர்க்கு எவ்வளவு என்பவற்றையும் அளந்து கூறுகின்றது. அங்குக் கற்பிக்கப்பட்டவை பெரும்பாலும் வேதமும் அதனைச் சார்ந்த கலைகளுமே. எல்லார்க்கும் கதவு திறந்த கல்லூரி அன்று அது; அக்குறை குறையே. எனினும், கொடுத்ததை எழுதி வைத்த திறம் போற்றற்குரியது.

இக்காலத்தில் கல்வி நிறுவனங்களும், ஊதியம் கருதாத அறக்கட்டளைகளும் தம்முள் ஒப்பந்தம் செய்துகொள்ளும் வழக்கம் பெருகியுள்ளது. இரு சாராரும் ஒத்த வலியினராயின் இடர் இல்லை. பெரும்பாலும் ஒருவரிடம் செல்வம் இருக்கும். மற்றவரிடம் உழைப்பும் ஊரறிவும் இருக்கும். செல்வமுடையார் விரும்பியதே ஒப்பந்தமாகிவிடுமோ என்னும் அச்சம் அங்கே எழும். அவ்வாறு ஆகாத ஒன்று தமிழ்நாட்டிலேயே நிகழ்ந்தது. மாணவர் அதனை அறிதல் நன்று.

செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சார்ந்தவர் ரோஜா முத்தையா செட்டியார். அவர் விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். பழைய தமிழ் அச்சு நூல்களைத் தேடித் தொகுத்தலே அவர்தம் வாழ்நாள் வேட்கையாயிற்று. அவர் நூல்களோடு அமைந்தாரல்லர். இதழ்கள், நாடக அறிக்கைகள், திரைப்படப் பாட்டுப் புத்தகங்கள், திருமண அழைப்பிதழ்கள் எனப் பிறர் படித்தவுடன் எறிந்துவிடும் தாள்களையும் சேர்த்தார். பழைய திருமண அழைப்பிதழ் எதற்கு என நகைப்பார் நகைக்கட்டும். அக்காலத்தார் தம் பெயரை எங்ஙனம் எழுதினர், உற்றாரை என்ன சொல்லி அழைத்தனர், எவ்வூரில் அச்சகம் இருந்தது என்பவற்றை வேறு எந்த நூல் இவ்வளவு தெளிவாகச் சொல்லும்? 1992-ஆம் ஆண்டு அவர் மறைந்தபோது, அவர் திரட்டியவை ஏறத்தாழ 1,00,000 இருந்தன.

தனியொருவர் சேர்த்த நூற்செல்வத்திற்கு அவருடைய மறைவே பெரும்பகை. மக்களும் பேரரும் அருமை அறிந்தவராயினும், அத்துணை நூல்களையும் பேணுதற்கு இடமும் பொருளும் எங்கே பெறுவர்? தாளும் பொறுத்திராது. மரக்கூழால் ஆகிய பழந்தாள் ஆண்டுதோறும் பழுப்பேறி, தொட்டால் நொறுங்கும் நிலையை எய்தும். கறையான் யாரையும் கேட்டு வருவதில்லை. எஞ்சியது எடைபோட்டு விற்கும் கடைக்குச் செல்லும்.

வாங்குவோரால் வரும் கேடு வேறு. கர்னல் மெக்கன்சி என்பார் தென்னாட்டுச் சுவடிகளையும் கல்வெட்டுப் படிகளையும் பல்லாண்டு முயன்று திரட்டினார். 1821-இல் அவர் மறைந்தபின் அத்தொகுப்பைக் கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியினர் விலைக்குப் பெற்றனர். அதன் ஒரு பகுதி இலண்டனுக்கும், ஒரு பகுதி சென்னைக்கும் எனச் சிதறிற்று. ஒருவர் கண்ணும் கருத்துமாய் ஒன்று சேர்த்ததை முழுமையாகக் காண விழைவோர் இன்று கடல் கடத்தல் வேண்டும்.

முத்தையா செட்டியாரின் தொகுப்பிற்கும் இந்நிலை வந்திருக்கக் கூடும். அதனை விலைகொடுத்து வாங்கியது அமெரிக்க நாட்டுச் சிகாகோப் பல்கலைக்கழகம். வாங்கியவர் பொருளைத் தம் ஊருக்குக் கொண்டுசெல்வது உலக வழக்கம். ஆயினும் அப்பல்கலைக்கழகம் அங்ஙனம் செய்யவில்லை. தமிழ்நூல் தமிழ்நாட்டிலேயே இருக்கட்டும் எனத் துணிந்து, மொழி என்னும் அறக்கட்டளையோடு சேர்ந்து, 1994-இல் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகத்தை நிறுவியது. 1996-இல் அது படிப்போர்க்குத் திறக்கப்பட்டது. நூல்கள் வகைப்படுத்தப்பட்டன, நுண்படச் சுருள்களில் படி எடுக்கப்பட்டன. சுருளின் படிகள் சிகாகோ சென்றன. மூலநூல்கள் இங்கே தங்கின. கொடுத்தவர்க்கும் பயன்; காத்தவர்க்கும் பயன். பிற்காலத்தில் நூலகத்தின் பொறுப்பை ஏற்கத் தனி அறக்கட்டளையும் அமைந்தது. பொறுப்பாளர் மாறினர், நூல்கள் சிதறவில்லை.

தமிழ்நூல்களுக்குக் கடல் கடந்தவர் விலை கொடுக்க நேர்ந்தமை தமிழர் நாணுதற்குரிய செய்தியே. அதனை மறைத்துப் பயனில்லை. அயலார் பொருளை ஏற்றதே தவறு என்பாரும் உளர். அவர் கூற்றில் மானம் உண்டு. ஆனால் மானம் நொறுங்கும் தாளை ஒட்டாது. ஏற்றது தவறன்று, எதனையும் எழுதாமல் ஏற்றிருந்தால் அதுவே தவறாகும்.

எல்லாப் பல்கலைக்கழகமும் சிகாகோவைப் போல் நடக்கும் என எதிர்பார்த்தல் ஆகாது. மூலப்பொருள் எங்கே இருக்கும், படிக்க வருவோர்க்குத் தடை உண்டா, ஒரு சாரார் கலைந்துபோனால் பொருள் யாரைச் சேரும் என்பவை முதலிலேயே முடிவாதல் வேண்டும். வலியவர் தாமே முன்வந்து இவற்றை எழுதார். எளியவரே கேட்டல் வேண்டும். கேட்டால் நன்கொடையாளர் முகம் சுளிப்பாரோ எனக் கூசி, கேளாதிருந்து கெட்டவை பல. பள்ளிக்கு நூலகக் கட்டடம் தருவார் பலர். கூரை ஒழுகினால் செப்பனிடுவார் யார் என எழுதுவார் சிலர். திறப்புவிழாக் கல்லில் பெயர் இருக்கும். உள்ளே மழைநீர் இருக்கும்.

கோட்டையூர் நூல்கள் இன்று சென்னைத் தரமணியில் உள்ளன. நூற்றாண்டு கடந்த நாடக அறிக்கையொன்றைத் தேடி வரும் இளைஞர் எவரும் அங்கே அதனைக் கேட்டுப் பெற்றுப் படிக்கலாம்.