குன்னூர் எலியை யார் எண்ணுவது?

நீலகிரியின் ஜெகதளாவில் காட்டெருமை தேயிலைக்குள் இறங்கினால் அரை மணி நேரத்தில் ஊர் வாட்ஸ்அப் குழுவில் படம் வந்துவிடும். விளக்கு எண்ணெய் குடிக்கக் கோயிலுக்குள் கரடி புகுந்தால் கேமராவில் பதிந்த காட்சி மறுநாள் தொலைக்காட்சியில் ஓடும். சிறுத்தை நாயைத் தூக்கினால் வனத்துறை ஜீப் வரும், கூண்டு வைக்கச் சொல்லி மனு போகும். பெரிய விலங்குகளோடு இந்த மலைக்காரர்களுக்கு அன்றாடம் வழக்கு இருக்கிறது. அச்சமும் இழப்பும் கோபமும், ஒளித்து வைத்த கொஞ்சம் பெருமையும் அதில் உண்டு.

ஜெகதளாவிலிருந்து பேருந்தில் போய் வரும் தூரத்தில் இருக்கும் குன்னூரில், ஏறத்தாழ 5,000 அடி உயரத்தில் பிடிபட்ட ஒரு சிறு எலிக்கு 1898-இல் ஜே. லூயிஸ் போன்ஹோட் என்ற பிரிட்டிஷ் விலங்கியலாளர் ‘மஸ் ஃபாமுலஸ்’ என்று பெயர் வைத்தார். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத உயிர் அது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் அருகிவிட்ட இனங்களில் ஒன்று. அதன் பெயரில் யாரும் மனு கொடுத்ததில்லை.

எலிக்கா நடுப்பக்கம் என்று கேட்பவர்கள் ஆஸ்திரேலியாவின் கணக்கைப் பார்க்கலாம். 1788-இல் ஐரோப்பியர் குடியேறியதற்குப் பின் அந்தக் கண்டம் 30-ஐ ஒட்டிய பாலூட்டி இனங்களை அடியோடு இழந்திருக்கிறது. இந்தக் காலத்தில் இத்தனை பாலூட்டிகளைத் தொலைத்த நாடு வேறு இல்லை. அழிவு என்றதும் உலகம் நினைப்பது டாஸ்மேனியப் புலியை. 1936 ஜூலையில் அதற்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. செப்டம்பர் 7 அன்று ஹோபார்ட் விலங்குக் காட்சியகத்தில் கடைசி விலங்கு செத்தது. இடையில் இரண்டு மாதம்கூட இல்லை. கதையாகச் சொல்ல வசதியான சாவு, படமும் இருக்கிறது. ஆனால் அந்தப் பட்டியலை முழுக்கப் படித்தால் புலி ஒன்றுதான். மற்றவற்றில் பெரும்பாலானவை எலிகளும் கையளவுப் பைப்பாலூட்டிகளும் முயலளவுக் கங்காருகளும்தான். ஆண்ட்ரூ பர்பிட்ஜ், நார்மன் மெக்கன்சி என்ற இரு ஆய்வாளர்கள் 1989-இல் இந்த இழப்பை எடை வாரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். 35 கிராமிலிருந்து ஐந்தரைக் கிலோ வரையுள்ள விலங்குகளே பெரிதும் மறைந்திருந்தன. கப்பலில் வந்த பூனையும் நரியும் ஒரு வேளைக்குத் தின்னத் தோதான எடை அது. முயல் புல்லை மேய்ந்து தீர்த்தது. பழங்குடிகள் கட்டுப்பாட்டோடு வைத்துவந்த சிறு தீ நின்றுபோய்ப் பெருந்தீ வந்தது. மீதி தானாக நடந்தது.

அந்த நாட்டு ஆய்வாளர்கள் பின்னால் செய்த ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. 1980-களில் அருங்காட்சியகத்தில் பாடம் செய்து வைத்திருந்த தோல்களை எடுத்துக்கொண்டு நடுப் பாலைவனத்தின் பழங்குடி ஊர்களுக்குப் போனார்கள். முதியவர்கள் ஒவ்வொரு தோலையும் கையில் வாங்கிப் பார்த்துப் பெயர் சொன்னார்கள். எந்தப் புதரில் படுக்கும், எப்படிப் பிடிப்போம், கடைசியாக எப்போது கண்டோம் என்றெல்லாம் சொன்னார்கள். ஏடுகளில் எப்போதோ முடிந்துவிட்டதாக இருந்த சில விலங்குகள், அந்த முதியவர்களின் இளமைக் காலம் வரை உயிரோடு இருந்தது அப்போதுதான் தெரிந்தது. நீலகிரியில் இப்படித் தோல்களை ஏந்திக்கொண்டு குறும்பர் ஊருக்கும் கோத்தர் ஊருக்கும் போனால் என்ன கிடைக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். சொல்லத் தெரிந்தவர்களுக்கு இப்போதே வயது எழுபதைத் தாண்டியிருக்கும்.

தோல்கள் இல்லாமல் இல்லை. கை ஷார்ட்ரிட்ஜ் என்ற சேகரிப்பாளர் 1904 முதல் 1907 வரை மேற்கு ஆஸ்திரேலியாவில் பாலூட்டிகளைப் பிடித்து லண்டனுக்கு அனுப்பினார். அங்கே எந்த விலங்கு எதுவரை பரவியிருந்தது, எது குறைந்துவருகிறது என்று அவர் எழுதியதுதான் பிற்கால ஆய்வுகளுக்கு அடிக்கல். அவர் பெயரையே தாங்கிய ஒரு எலி அம்மாநிலத்தில் ஒழிந்துவிட்டதாக எண்ணப்பட்டு, பல பத்தாண்டுகள் கழித்து மீண்டும் கிடைத்தது. அதே மனிதர் 1911-இல் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் தொடங்கிய பாலூட்டிக் கணக்கெடுப்புக்காக இந்தியாவுக்கு வந்து, தார்வாரிலும் குடகிலும் பொறி வைத்தார். அவர் ஆஸ்திரேலியாவில் பிடித்தவற்றை எடுத்து வைத்து, இருக்கிறதா இல்லையா என்று அந்த நாட்டில் இன்றும் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். இங்கே பிடித்தவை பெரும்பாலும் இழுப்பறையில் இருக்கின்றன.

இழுப்பறையில் என்னவெல்லாம் உறங்கும் என்பதற்குத் தேனி மாவட்டத்துக் கதை போதும். 1948-இல் மேகமலையில் ஆங்கஸ் ஹட்டன் என்ற தோட்டக்காரர் ஒரு பழந்தின்னி வௌவாலைப் பிடித்துச் சங்கத்துக்கு அனுப்பினார். சாதாரண வௌவால் என்று சீட்டு ஒட்டி வைத்துவிட்டார்கள். 1972-இல் கிட்டி தோங்லோங்யா என்ற தாய்லாந்து ஆய்வாளர் கையில் எடுத்துப் பார்த்தபோதுதான், அது புதிய இனம் மட்டுமில்லை, புதிய பேரினமே என்று தெரிந்தது. சலீம் அலியின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. இருபத்துநான்கு ஆண்டுகள் பம்பாயிலேயே இருந்தும் அது யாருக்கும் தெரியாத விலங்காகவே இருந்தது.

இனி ஆஸ்திரேலியாவிலிருந்து இங்கே வந்த மரத்துக்கு வருவோம். வெலிங்டன் படைக் குடியிருப்புக்கு முதலில் ஜெகதளாவின் பெயர்தான். வெள்ளைக்காரன் வாயில் அது ‘ஜக்கட்டலா’. 1852-இல் கட்டத் தொடங்கிய பாசறை 1860-ஐ ஒட்டி வெலிங்டன் ஆனது. அத்தனை சிப்பாய்க்கும் குளிர் காய விறகு வேண்டும். இங்குள்ள சோலை மரம் மெல்ல வளர்வது, வெட்டினால் திரும்பி வராதது. 1843-இலேயே கேப்டன் காட்டன் கொண்டுவந்திருந்த கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) அதோடு சீகை மரமும் (வாட்டில்) விறகுக்காகப் புல்வெளியில் ஏறின. பிறகு தோல் பதனிடச் சீகைப் பட்டை, விஸ்கோஸ் ஆலைக்குக் கூழ் என்று சுதந்திர இந்தியாவும் அதே வேலையைப் பெரிய அளவில் செய்தது. புல்வெளி அரசுக் கணக்கில் ‘வெற்று நிலம்’. மரம் நட்டால் காடு. தேயிலைக்கு நடுவே நிற்கும் சில்வர் ஓக்கும் ஆஸ்திரேலியாதான்.

மரம் வந்தது, மரத்தை வைத்துப் பிழைத்த விலங்கு வரவில்லை. அதன் சொந்த நாட்டில் கற்பூர இலையைக் கோலா தின்னும், பெரும் சறுக்குப் போசம் தின்னும். நூறாண்டு தாண்டிய மரப் பொந்துகளில் லெட்பீட்டர் போசம் குடியிருக்கும். அதுவும் அழிந்ததாகக் கருதப்பட்டு 1961-இல் விக்டோரியா மாநிலத்தில் மீண்டும் கண்டெடுக்கப்பட்ட விலங்குதான். இங்கே கூப்புக்காக வளர்த்த மரம் பொந்து விழும் வயது வரை நிற்பதே இல்லை. பொந்தில் கூடு கட்டும் மலபார் முள் எலிக்கு அதனால் பயன் இல்லை. வளைந்து கொடுக்கும் விலங்குகளும் இருக்கின்றன, மறுக்கவில்லை. லேகியத்துக்காக ஒரு காலத்தில் கொன்று குவிக்கப்பட்ட கருமந்தி, சீகைக் கொழுந்து தின்னப் பழகிவிட்டது. தோட்டத்து முட்டைக்கோசையும் விடுவதில்லை. காட்டெருமைக்குத் தேயிலைத் தோட்டமே தொழுவமாகிவிட்டது. நம் கண்ணில் படுபவை எல்லாம் இப்படிப் பழகிக்கொண்டவைதான். அதனால் மலையில் விலங்கு பெருகிவிட்டது என்ற எண்ணம் ஊரில் உண்டு. பழகாதவற்றைப் பற்றி யாரும் புகார் சொல்வதில்லை, அவை வருவதே இல்லையே.

பழகாதவற்றில் வரையாடு ஒன்று. அதற்குத் திறந்த புல்வெளி வேண்டும், சீகைக்குள் நுழையாது. 1877-இல் நீலகிரி வேட்டைச் சங்கம் தோன்றியதும் 1879-இல் தனிச் சட்டம் வந்ததும் அந்த ஆடு உள்ளிட்ட வேட்டை விலங்குகள் தீர்ந்துபோகும் நிலைக்கு வந்ததால்தான். வேட்டைக்காரர்களே போட்ட வேலி என்று கேலி செய்யலாம், ஆனால் ஆடு பிழைத்தது. 1975-இல் அதை மலை மலையாக ஏறி எண்ணிய ஈ.ஆர்.சி. டேவிதாரின் நினைவாகவே அக்டோபர் 7 வரையாடு தினமாயிற்று. 2022-இல் தமிழக அரசு 25.14 கோடி ரூபாயில் ஐந்தாண்டுத் திட்டம் அறிவித்தது. 2024 கணக்கெடுப்பில் 1,031, 2025-இல் 1,303. எண்ணிக்கை கூடியதில் ஒரு பங்கு எண்ணும் முறை கூர்மையானதால் இருக்கலாம். இருந்தாலும் நல்ல செய்திதான். இத்திட்டத்தில் எனக்குப் பெரிதாகப் படுவது ஆட்டின் கழுத்தில் மாட்டும் ரேடியோக் கருவியைவிட, மேல்பவானியில் சோலைப் புல்வெளியை மீட்டுப் பார்க்கும் கூறு. பழனி மலையில் 1973-க்கும் 2014-க்கும் இடையில் மூன்றில் இரண்டு பங்கு புல்வெளி போனதைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டின. சீகையை வெட்டினால் மட்டும் புல் வராது. விதை மண்ணுக்குள் பல்லாண்டு கிடந்து, வெயில் பட்டதும் நாற்றங்கால்போல எழும்பும். ஆண்டுதோறும் பிடுங்க ஆள் வேண்டும்.

சரி, மீட்டது மீண்டதா என்று எதை வைத்துச் சொல்வது? பசுமையாக இருக்கிறது என்று அதிகாரி படம் எடுத்துப் போடலாம். ஆடு வந்ததா என்று பார்க்கலாம். ஆனால் ஆடு வரப் பத்தாண்டு ஆகலாம், அருகில் மந்தை இல்லாவிட்டால் வராமலே போகலாம். எலியும் மூஞ்சூறும் முதல் இரண்டு மழைக்குள் பதில் சொல்லிவிடும். 1990-களில் மேல் நீலகிரியில் கார்த்திக் சங்கர், ராமன் சுகுமார் இருவரும் இந்திய அறிவியல் நிறுவனத்தின் சார்பில் சிறு பாலூட்டிகளைப் பொறி வைத்து ஆராய்ந்தபோது, சோலைக்குள் இருந்த கூட்டமும் புல்வெளியில் இருந்த கூட்டமும் வேறு வேறாக இருந்தன. புல் சோலையாவதும் சீகையாவதும் அவற்றுக்கு உடனே தெரிந்துவிடுகிறது. அந்த ஆய்வு இன்று அடிப்படைக் கணக்காக நம் கையில் இருக்கிறது. ஆனால் ஷார்ட்ரிட்ஜின் குறிப்பை ஆஸ்திரேலியர் பயன்படுத்திக்கொண்டதுபோல நாம் இதைப் பயன்படுத்திக்கொள்ளவில்லை.

சட்டமும் ஒரு காரணம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையில் காக்கை, பழந்தின்னி வௌவால் இவற்றோடு எலிகளும் தீங்குயிர்கள். வயல் எலி, வீட்டு எலி, குன்னூர் எலி எல்லாம் ஒரே வரியில். சலீம் அலி வௌவாலை மட்டும் பிறகு முதல் அட்டவணைக்குத் தூக்கினார்கள். 2022 திருத்தத்தில் அந்த அட்டவணையே போய்விட்டது. அரை நூற்றாண்டாக அதைப் படித்து வளர்ந்த அலுவலக மனம் அவ்வளவு சீக்கிரம் போகாது. எலி ஆய்வுக்கு அனுமதி கேட்டால் கிடைக்கும் சிரிப்பை ஆய்வு மாணவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

ஊர்க்காரர் கேள்வி இதைவிட நேரடியானது. பச்சைத் தேயிலை கிலோவுக்கு என்ன விலை கிடைக்கிறது என்று முதலில் பாருங்கள், இருட்டினால் காட்டெருமைக்குப் பயந்து வெளியே போக முடியவில்லை, எலியைக் காப்பாற்ற வந்துவிட்டீர்களா? நியாயமான கோபம். ஆனால் நான் கேட்பது ஊருக்குள் இன்னொரு விலங்கை இல்லை. தோட்டத்தில் ஓர் அடி நிலம்கூட இதற்காகப் போகாது. வேலை நடப்பது வனத்துறை ஏற்கனவே சீகை வெட்டிக்கொண்டிருக்கும் சரிவுகளில். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: ஆஸ்திரேலியாவின் பாடத்தை அப்படியே இங்கே ஒட்ட முடியாது. நம் சிறுவிலங்குகள் சிறுத்தையோடும் காட்டுப்பூனையோடும் வளர்ந்தவை. அங்கே கொன்றது புதிதாக வந்த பல். இங்கே நெருக்குவது புதிதாக வந்த நிழல். அதனால் அவர்களைப்போல நரி புகாத வேலி போட நமக்குத் தேவை இல்லை. எடுத்துக்கொள்ள வேண்டியது அவர்களின் கணக்குப் பழக்கத்தைத்தான்.

அதற்கு ஆகும் செலவும் அதிகமில்லை. மடக்கு அலுமினியப் பெட்டிப் பொறிகள், தேங்காய்த் துண்டோ நிலக்கடலை வெண்ணெயோ, விடிகாலையில் குளிருக்குள் விறைத்துப்போகாமல் இருக்க உள்ளே ஒரு பிடி பஞ்சு. எடை போட்டுக் குறித்துக்கொண்டு விட்டுவிடுவது. ஆந்தை கக்கிய உருண்டைகளைப் பொறுக்கி உடைத்தால் உள்ளே இருக்கும் தாடை எலும்பே இனத்தைச் சொல்லும். பள்ளிப் பிள்ளைகள்கூடச் செய்யலாம். உதகை அரசு கலைக் கல்லூரியில் வனவிலங்கு உயிரியல் துறை இருக்கிறது. கோவையில் சூ அவுட்ரீச் அமைப்பினர் தெற்காசியச் சிறு பாலூட்டிகளுக்காகவே ஆண்டுக்கணக்கில் வலைப்பின்னல் நடத்தியவர்கள். ஆனைகட்டியில் சலீம் அலி மையம் இருக்கிறது. இவர்களையும் மேல்பவானியில் புல் நடும் ஆட்களையும் ஒரே மேசைக்குக் கொண்டுவர ஒரு வனக்கோட்ட அதிகாரியின் கடிதம் போதும். வெட்டுவதற்கு முன் ஒரு முறை, வெட்டிய பின் ஆண்டுக்கு இரு முறை, பக்கத்துச் சோலையிலும் மிஞ்சிய பழைய புல்வெளியிலும் ஒப்பீட்டுக்காக அதே அளவு பொறி. வரையாடு திட்டத்தின் ஐந்தாண்டு 2027-இல் முடிகிறது. அடுத்த கட்டத்துக்கான முன்மொழிவில் இதற்கு ஒரு வரி சேர்க்க இன்னும் நேரம் இருக்கிறது. சீகை வெட்டும் ஒப்பந்தங்களில் பொறி வைக்கும் வாரத்தையும் ஒரு நிபந்தனையாக எழுதிவிட்டால், தனியாக நிதி கேட்டுக் கோட்டைக்கு நடக்கவும் வேண்டியதில்லை.