சாப்பாட்டோடு சேர வேண்டிய மாத்திரை

மாணவர்களே, உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ டயாலிசிஸ் எனப்படும் இரத்தச் சுத்திகரிப்பு செய்துகொள்ளும் ஒருவர் இருக்கக்கூடும். மலேசியாவில் 50,000க்கும் மேற்பட்டோர் இந்தச் சிகிச்சையில் இருக்கிறார்கள். புதிதாகச் சேர்வோரில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு நோயே காரணம். அவர்களுடைய மருந்துப் பையைப் பார்த்தால் மாத்திரைகள் நிறைய இருக்கும். அவற்றுள் பெரும்பாலும் எண்ணிக்கையில் அதிகமாக இருப்பது பாஸ்பேட்டைக் குறைக்கும் மாத்திரை. 2009இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், டயாலிசிஸ் நோயாளிகளில் பாதிப் பேர் ஒரு நாளைக்கு 19 மாத்திரைகளோ அதற்கு மேலோ சாப்பிடுவதாகத் தெரியவந்தது. அவற்றில் ஏறக்குறைய பாதி இந்த வகை மாத்திரைகள்தாம்.

இவ்வளவு சாப்பிட்டும் சிலருக்கு இரத்தத்தில் பாஸ்பேட் குறைவதில்லை. உடனே, "மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை" என்று நோயாளியைக் கடிந்துகொள்கிறோம். என் கருத்து வேறு. மருந்தை விடாமல் சாப்பிடுபவர்கூட அதைத் தவறான நேரத்தில் சாப்பிட்டால் பயன் கிடைக்காது. அந்த மருந்து எங்கே, எப்படி வேலை செய்கிறது என்பதை வீட்டில் உள்ள அனைவரும் அறிந்திருக்க வேண்டும். நீங்களும்தான்.

இயந்திரம் மட்டும் போதாதா?

பாஸ்பேட் நஞ்சு அன்று. எலும்புக்கும் பல்லுக்கும் உயிரணுக்களுக்கும் அது தேவை. தேவைக்கு மேல் இருப்பதை நலமான சிறுநீரகம் சிறுநீரில் வெளியேற்றிவிடும். சிறுநீரகம் செயலிழந்தால் அது உடலிலேயே தேங்குகிறது.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஒருவர் உணவில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1,000 மில்லிகிராம் பாஸ்பரஸ் உட்கொள்கிறார் என்று கொள்வோம். அதில் 60 விழுக்காடு உடலில் சேர்ந்தால், வாரத்திற்கு 4,200 மில்லிகிராம். நான்கு மணி நேர டயாலிசிஸ் ஒருமுறைக்கு நீக்குவது சுமார் 800 மில்லிகிராம். வாரம் மூன்று முறை என்றால் 2,400. மீதம் 1,800 மில்லிகிராம் உள்ளேயே தங்கிவிடுகிறது. பாஸ்பேட்டில் பெரும்பகுதி எலும்பிலும் உயிரணுக்களிலும் இருப்பதால், இரத்தத்தைச் சுத்திகரிக்கும் இயந்திரத்தால் அதை எளிதில் எட்ட முடிவதில்லை.

தேங்கிய பாஸ்பேட் தோலில் தாங்க முடியாத அரிப்பை உண்டாக்கலாம். எலும்பிலிருந்து கால்சியம் வெளியேறி எலும்பு பலவீனமாகலாம். இரத்தக் குழாய்ச் சுவரில் கால்சியம் படிந்து குழாய் விறைத்துப்போகலாம். இதயத்திற்கு அது ஆபத்து.

மாத்திரையின் வேலை குடலில்

வேதியியல் பாடத்தில் வீழ்படிவு பற்றிப் படித்திருப்பீர்கள். இரண்டு கரைசல்களைக் கலக்கும்போது கரையாத பொருள் ஒன்று உண்டாகி அடியில் படியும். கால்சியம் கார்பனேட் மாத்திரை செய்வதும் ஏறக்குறைய அதுதான். அதிலுள்ள கால்சியம், உணவிலுள்ள பாஸ்பேட்டைக் குடலிலேயே பிடித்துக் கரையாத பொருளாக்கிவிடுகிறது. அது மலத்தோடு வெளியேறிவிடும். ஏற்கெனவே இரத்தத்தில் கலந்துவிட்ட பாஸ்பேட்டை இந்த மாத்திரை தேடிப் பிடிப்பதில்லை.

ஆகவே உணவும் மாத்திரையும் ஒரே நேரத்தில் குடலில் இருக்க வேண்டும். காலை எட்டு மணிக்கு ரொட்டி சானாயும் பால் தேநீரும் சாப்பிட்டுவிட்டு, பதினொரு மணிக்கு நினைவு வந்து மாத்திரையை விழுங்கினால் பயனில்லை. கால்சியம் மாத்திரையாக இருந்தால் தீங்கும் உண்டு. பிடிப்பதற்குப் பாஸ்பேட் இல்லாத வெறும் வயிற்றில் அந்தக் கால்சியம் கூடுதலாக இரத்தத்தில் சேரும். எந்தப் படிவைத் தடுக்க மருந்து கொடுத்தார்களோ, அதற்கே அது துணைபோகலாம். அதனால்தான் தவறவிட்ட மாத்திரையை அடுத்த வேளைக்குச் சேர்த்து இரண்டு மடங்காகச் சாப்பிடக் கூடாது.

மருந்து உறையில் "ஒரு நாளைக்கு மூன்று முறை" என்று மட்டும் எழுதுவது இந்த மருந்துக்குப் போதாது என்பேன். "முதல் கவளத்தோடு" அல்லது "சாப்பாட்டுக்கு நடுவே" என்று எழுதினால்தான் பயன். காலை உணவைத் தவிர்க்கும் தாத்தாவுக்கு அந்த வேளை மாத்திரை எதற்கு? இரவில் மீனும் கோழியும் சாப்பிடுபவருக்கு அந்த வேளையில் கூடுதலாகத் தேவைப்படலாம். அதை மருத்துவரிடம் சொன்னால் அவர் மாத்திரைகளைப் பிரித்துத் தருவார். சொல்லாவிட்டால் அவருக்கு எப்படித் தெரியும்?

ஒன்றை மெல்ல வேண்டும், மற்றொன்றை மெல்லக் கூடாது

பாஸ்பேட்டைப் பிடிக்கும் மாத்திரைகள் எல்லாம் ஒரே வகை அல்ல. லாந்தனம் கார்பனேட் மாத்திரையை நன்றாக மென்றுதான் விழுங்க வேண்டும். மெல்லாமல் விழுங்கி, அது குடலில் அடைத்துக்கொண்ட சம்பவங்கள் பதிவாகியுள்ளன. செவலமர் மாத்திரை நேர்மாறானது. அது நீர் பட்டால் ஊதும். ஆகவே உடைக்காமல், மெல்லாமல் முழுதாக விழுங்க வேண்டும். பக்கத்துப் படுக்கைக்காரர் சொன்ன முறை உங்கள் பாட்டிக்குப் பொருந்தாமல் போகலாம்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இந்த மாத்திரைகள் பாஸ்பேட்டை மட்டும் பிடிப்பதில்லை. தைராய்டு மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை, சில நோய்க்கிருமிக் கொல்லி மருந்துகள் ஆகியவற்றையும் பிடித்து, உடலில் சேரவிடாமல் செய்யக்கூடும். எல்லாவற்றையும் ஒரே கையில் வாரி விழுங்குவது வசதிதான். ஆனால் எவற்றுக்கிடையே எத்தனை மணி நேர இடைவெளி வேண்டும் என்று மருந்தாளரிடம் கேட்டுவிட வேண்டும்.

கடையில் தாமே வாங்கும் மருந்திலும் ஆபத்து உண்டு. ஒரு காலத்தில் பாஸ்பேட்டைப் பிடிக்க அலுமினியம் கலந்த மருந்தே பெரிதும் பயன்பட்டது. அக்காலத்தில் சில டயாலிசிஸ் நோயாளிகளுக்குப் பேச்சுத் தடுமாறியது, வலிப்பு வந்தது, நினைவு குழம்பியது. 1976இல் அமெரிக்க மருத்துவர் ஆலன் ஆல்ஃப்ரேயும் அவருடைய குழுவினரும், இப்படி இறந்தவர்களின் மூளையில் அலுமினியம் மிகுதியாக இருந்ததை வெளியிட்டார்கள். டயாலிசிஸ் நீரிலிருந்தும் மருந்திலிருந்தும் வந்த அலுமினியத்தை வெளியேற்ற அவர்களுக்குச் சிறுநீரகம் இல்லை. இன்றும் வயிற்றெரிச்சலுக்குக் கடைகளில் கிடைக்கும் சில மருந்துகளில் அலுமினியமோ மக்னீசியமோ இருக்கிறது. டயாலிசிஸ் செய்பவர் மருத்துவரைக் கேட்காமல் அவற்றை வாங்கக் கூடாது.

மாத்திரை இருக்கிறதே என்று எதையும் சாப்பிடலாமா?

முடியாது. ஒரு கிராம் கால்சியம் கார்பனேட் ஏறக்குறைய 40 மில்லிகிராம் பாஸ்பரஸைத்தான் பிடிக்கும். ஒரு குவளைப் பாலில் மட்டும் சுமார் 230 மில்லிகிராம் இருக்கிறது. எலும்போடு சாப்பிடும் நெத்திலியிலும் அதிகம். பருப்பிலுள்ள பாஸ்பேட்டில் பெரும்பகுதியை நம் குடலால் பிரித்தெடுக்க முடியாது. ஆனால் கோலா பானம், சாசேஜ் போன்றவற்றில் சேர்க்கப்படும் பாஸ்பேட் கிட்டத்தட்ட முழுவதுமே உடலில் சேர்ந்துவிடும். பொட்டலத்தில் சர்க்கரையின் அளவு அச்சிடப்பட்டிருக்கிறது. பாஸ்பரஸின் அளவு பெரும்பாலும் இருப்பதில்லை. அதையும் அச்சிட வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும். அதுவரை, பொருள் பட்டியலில் "பாஸ்பேட்" என்ற சொல் இருக்கிறதா என்று நீங்கள் பார்த்துச் சொல்லலாம்.

"பள்ளிப் பிள்ளைகளுக்கு எதற்கு இந்தப் பொறுப்பு?" என்று சிலர் கேட்கலாம். மருந்தின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் வேலை அல்ல, அது மருத்துவருடையது. ஆனால் பல வீடுகளில் மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதிய மருந்து உறையைப் பெரியவர்களுக்குப் படித்துச் சொல்பவர் நீங்கள்தாம். கைப்பேசியில் நினைவூட்டல் வைப்பவரும் நீங்கள்தாம். அந்த நினைவூட்டலை மணிக்கு அல்ல, சாப்பாட்டுக்கு வையுங்கள். கல்யாண விருந்துக்கோ சாப்பாட்டுக் கடைக்கோ கிளம்பும்போது சிறு டப்பாவில் மாத்திரையை எடுத்துக்கொண்டார்களா என்று கேளுங்கள். மலச்சிக்கல் அல்லது குமட்டலுக்குப் பயந்து மாத்திரையைக் கமுக்கமாக நிறுத்தியிருந்தால், திட்டாமல் மருத்துவரிடம் சொல்ல வையுங்கள். அவரால் வேறு வகை மாத்திரைக்கு மாற்ற முடியும்.

அடுத்த முறை அவர்களுடன் மருத்துவமனைக்குப் போகும்போது மூன்று கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள். எந்த வேளைச் சாப்பாட்டோடு எத்தனை மாத்திரை? மெல்ல வேண்டுமா, முழுதாக விழுங்க வேண்டுமா? மற்ற எந்த மருந்தோடு சேரக் கூடாது? பதில்களைத் தமிழில் எழுதிச் சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.