பத்தாயிரம் ரூபாய்க்கு ஒரு பிராஜெக்ட்

கீழ்க்கட்டளை பஸ் ஸ்டாண்டுக்கு அருகில் உள்ள ஜெராக்ஸ் கடையில் ஏப்ரல் மாதம் வந்தால் நிற்க இடம் இருக்காது. மெரூன் அட்டை, பொன்னெழுத்து, ஸ்பைரல் பைண்டிங் என்று இறுதியாண்டு பிராஜெக்ட் ரிப்போர்ட்டுகள் குவிந்து கிடக்கும். இந்த ஆண்டு அந்தக் கூட்டத்தில் மகனோடு நின்ற தகப்பனார் ஒருவர், பக்கத்தில் இருந்தவரிடம் பெருமையாகச் சொன்னார்: "பிராஜெக்ட் எல்லாம் சும்மா ஒப்புக்குத்தாங்க. பத்தாயிரத்துல வெளியில குடுத்து முடிச்சிட்டோம். அந்த நேரத்துல பையன் பிளேஸ்மென்ட்டுக்குப் படிக்கட்டுமே." கேட்டவர் முகம் சுளிக்கவில்லை. எந்த இடம், டெமோ உண்டா, வைவாவுக்குச் சொல்லித் தருவார்களா என்று விசாரித்து செல்போனில் குறித்துக்கொண்டார். மகன் மட்டும் வாயைத் திறக்கவில்லை. தன் ரிப்போர்ட்டின் தலைப்பை அவன் அப்போதுதான் முதல்முறையாக வாசித்துக்கொண்டிருந்தான்.

அந்தத் தகப்பனார் தனி ஆள் இல்லை. பல்லாவரம் முதல் வண்டலூர் வரை எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் இதே ஞானம்தான் கிடைக்கும். படிப்பு என்றால் மார்க், மார்க்குக்குப் பிறகு பிளேஸ்மென்ட்; கையால் செய்து பார்ப்பதெல்லாம் ஒரு சடங்கு, ஐயருக்குத் தட்சணை கொடுப்பதுபோல் யாருக்காவது காசைக் கொடுத்தால் அவர் நம் சார்பில் செய்துவிடுவார்!

அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளுக்கான 2021 பாடத்திட்டத்தில், எட்டாவது செமஸ்டரின் பிராஜெக்ட்டுக்கு வாரம் 20 மணி நேரமும் 10 கிரெடிட்டும் ஒதுக்கியிருக்கிறார்கள். ஒரு சாதாரணத் தாளுக்கு மூன்று அல்லது நான்கு கிரெடிட்தான். நான்கு வருடப் படிப்பில் ஆக எடையான பாடம் இதுதான். அதைத்தான் நம் பிள்ளைகள் கூரியரில் வரவழைக்கிறார்கள்.

கூரியரில் வருவது என்னவென்று பார்க்க வேண்டும். வெள்ளை அக்ரிலிக் பலகை. அதன்மேல் ஹாட் க்ளூவால் ஒட்டிய ஒரு ஆர்டுயினோ போர்டு, பக்கத்தில் நீல நிற எல்சிடி திரை, ஒரு குட்டி மோட்டார், நான்கு வண்ணத்தில் ஜம்பர் வயர்கள். ஈர உணரியின் இரண்டு கால்களையும் ஒரு பிளாஸ்டிக் டம்ளர் மண்ணில் குத்தி வைத்தால் 'தானியங்கி நீர்ப்பாசனம்'. அதே போர்டில் அந்த உணரியைக் கழற்றி அல்ட்ராசானிக் உணரியை மாட்டினால் 'ஸ்மார்ட் குப்பைத்தொட்டி'. எரிவாயு உணரியை மாட்டினால் 'வீட்டுப் பாதுகாப்பு'. போர்டு ஒன்று, அவதாரம் பத்து. வைவாவில் எக்ஸ்டர்னல் எக்ஸாமினர், "இந்த ரெசிஸ்டரை ஏன்பா இங்க போட்டிருக்கே?" என்று கேட்டால் டீமில் உள்ள நான்கு பேரும் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். "சார், அந்தப் பார்ட் டீம்மேட் பண்ணது." அந்த டீம்மேட் ரிச்சி ஸ்ட்ரீட்டில் எலக்ட்ரானிக்ஸ் கடை வைத்திருக்கிறார் என்பது எக்ஸ்டர்னலுக்கும் தெரியும்.

இத்தனையும் எங்கே நடக்கிறது? கீழ்க்கட்டளையிலிருந்து ஒரு பஸ் ஏறினால் போய்விடக்கூடிய குரோம்பேட்டையில் எம்.ஐ.டி. என்ற மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி இருக்கிறது. சி. ராஜம் தன் வீட்டை விற்று 1949-ல் தொடங்கிய கல்லூரி, இன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் ஒரு வளாகம். ஆசிரியர்களும் மாணவர்களும் சேர்ந்து, இஸ்ரோவின் வழிகாட்டலில், அனுசாட் என்ற சுமார் 40 கிலோ எடையுள்ள செயற்கைக்கோளை உருவாக்கியது அந்தப் பல்கலைக்கழகம்தான். 2009 ஏப்ரல் 20 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி.-சி12 அதைச் சுமந்து சென்றது. ஓரிடத்திலிருந்து வரும் செய்தியை வாங்கிச் சேமித்து, இன்னோரிடத்துக்கு மேலே வரும்போது இறக்கிவிடுவது அதன் வேலை. 2012 வரை பூமியைச் சுற்றியது.

அனுசாட்டை எந்த பிராஜெக்ட் சென்டரில் ஆர்டர் கொடுத்தார்கள்? டெமோ உண்டா என்று யார் விசாரித்தார்கள்? ராக்கெட்டின் அதிர்வில் ஒரு சாலிடர் விட்டுப்போனால், மேலே போய் ஹாட் க்ளூ வைக்க முடியாது. மின்கலம் நிழலில் எவ்வளவு நேரம் தாங்கும், ஆன்டெனா எந்தத் திசையைப் பார்க்கும் என்பதையெல்லாம் கணக்குப் போட்டு, செய்து, சோதித்து, தப்பானால் பிரித்து மறுபடி செய்ய வேண்டியிருந்தது. பல ஆண்டு வேலை. பல மாணவர்கள் தங்கள் பங்கைச் செய்து முடித்துவிட்டு, அது மேலே போவதற்கு முன்பே பட்டம் வாங்கிப் போயிருப்பார்கள். அவர்களில் யாரும் பிளேஸ்மென்ட் கிடைக்காமல் நடுத்தெருவில் நின்றதாகத் தகவல் இல்லை.

அனுசாட் ஏதோ ஒருமுறை நடந்த அதிசயம் என்று ஒதுக்கவும் முடியாது. எம்.ஐ.டி. இருக்கும் ஜி.எஸ்.டி. ரோட்டிலேயே தெற்கே போனால் காட்டாங்குளத்தூர், எஸ்.ஆர்.எம். மாணவர்களின் 10.9 கிலோ எஸ்.ஆர்.எம்.சாட் 2011 அக்டோபர் 12 அன்று போனது. கிழக்கே ஓ.எம்.ஆர். பக்கம் சத்யபாமா, அவர்களுடைய ஒன்றரைக் கிலோ சத்யபாமாசாட் 2016 ஜூன் 22 அன்று போனது. தென்சென்னைப் புறநகர் மட்டும் மூன்று செயற்கைக்கோள் அனுப்பியிருக்கிறது. அதே புறநகரில்தான் ஒரு எல்.இ.டி.யை எரியவைக்க வெளியாள் தேவைப்படுகிறார்.

எம்.ஐ.டி.யின் தக்‌ஷா குழு 2018-ல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாம் இடம் பிடித்தது. அந்தக் குழுவுக்கு ஆலோசகராக இருந்தவர் நடிகர் அஜித் குமார் என்பது தாம்பரம் ஆட்டோ ஸ்டாண்டு வரைக்கும் தெரியும். அந்த விமானம் போட்டியில் என்ன வேலை செய்தது என்று கேட்டுப் பாருங்கள், இன்ஜினீயரிங் மாணவனே விழிப்பான்.

கலாம் படத்தை வரவேற்பறையில் மாட்டாத கல்லூரி தமிழ்நாட்டில் இல்லை. படத்துக்குக் கீழே கனவு காணச் சொல்லும் வாசகம் வேறு. அவர் எம்.ஐ.டி.யில் சேர அக்கா ஜொஹரா வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்த கதையை 'அக்னிச் சிறகுகள்' படித்த எல்லாரும் சொல்வார்கள். அதே புத்தகத்தில் இருக்கும் இன்னொரு சம்பவத்தை மட்டும் வசதியாக மறந்துவிடுவார்கள். தாழ்வாகப் பறந்து தாக்கும் விமானத்தின் வடிவமைப்பு பிராஜெக்ட் பின்தங்கிவிட்டது. பேராசிரியர் சீனிவாசன் ஒரு வெள்ளிக்கிழமை பார்த்துவிட்டு, திங்கட்கிழமை காலைக்குள் வரைபடம் வரவில்லை என்றால் ஸ்காலர்ஷிப் நின்றுவிடும் என்று சொல்லிவிட்டார். கலாம் ராத்திரி சாப்பாட்டை விட்டுவிட்டு வரைபலகையில் உட்கார்ந்தார். இன்று அப்படி ஒரு பேராசிரியர் சொன்னால், திங்கட்கிழமை காலை பெற்றோர் சங்கம் ஹெச்.ஓ.டி. அறை வாசலில் நிற்கும்.

ஹெச்.ஓ.டி.கள் மட்டும் என்ன யோக்கியம்? ஆய்வகத்தில் விலை உயர்ந்த கருவி, இன்ஸ்பெக்‌ஷன் குழு வரும் நாளில் மட்டும் உறை கழற்றப்படும். மற்ற நாளில் பூட்டு. சீனியரின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து அளவீடு முதற்கொண்டு ஜூனியர் காப்பி அடிப்பான். அதில் சிவப்பு மையில் டிக் போட்டுக் கையெழுத்தும் விழும். ஐந்து வருடம் முன்பு எடுத்த ரீடிங்கில் வந்த பிழை, பரம்பரைச் சொத்துபோல் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கிறது. கைடு என்று பெயர் போட்டிருக்கும் பேராசிரியருக்கு அந்தப் பிராஜெக்ட் பலகை எங்கிருந்து வந்தது என்று தெரியாதாம். நம்புவோம்.

இன்டர்ன்ஷிப்பிலும் இதே வியாபாரம்தான். கம்பெனி வாசலை மிதிக்காமலே சான்றிதழ் பி.டி.எஃப். ஆக வந்துவிடுகிறது. 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தில் அரசாங்கம் நல்ல எண்ணத்தோடு திறன் படிப்புகளைக் கொண்டுவந்தது. வீடியோவை ஓடவிட்டுத் தூங்கிவிட்டு, கேள்விக்கு விடையை வாட்ஸ்அப் குழுவில் வாங்கிக்கொள்ளும் திறனை நம் பிள்ளைகள் தாங்களாகவே வளர்த்துக்கொண்டார்கள். இன்னொரு பக்கம், மெக்கானிக்கல், சிவில் இடங்களைக் குறைத்துவிட்டு ஏ.ஐ. என்று எழுதிய போர்டை மாட்டினால் கல்லூரி நவீனமாகிவிட்டது என்று ஒரு நினைப்பு. லேத் மெஷின் இருந்த ஷெட்டில் இப்போது ஏ.சி.யும் கம்ப்யூட்டரும். லேத்தையாவது மாணவன் தொட்டிருப்பான்.

"இதெல்லாம் இன்ஜினீயரிங்குக்கு, பி.எஸ்ஸி.க்கு எதுக்கு?" என்பார்கள். தாம்பரத்தில் சென்னைக் கிறித்தவக் கல்லூரி இருக்கிறது. 1937-ல் அங்கே குடிவந்தபோது சுற்றிலும் புதர்க்காடு. எட்வர்ட் பார்ன்ஸ் வேதியியல் பேராசிரியர். தாவரவியல் அவர் பாடமே இல்லை. அவரும் மனைவி ஆலிஸும் அந்த வளாகத்தை மரங்களால் நிறைத்தார்கள். மலைகளில் அலைந்து செடிகளைச் சேகரித்து, புதிய இனங்களை விவரித்தார் அந்த வேதியியல்காரர். ஒரு காட்டுச் செடி இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. சிலபஸில் இல்லை, மார்க் வராது, ஒப்புக்கு ஏதோ செய்தால் போதும் என்று அவரும் இருந்திருக்கலாம்.

பிராஜெக்ட்டுக்குத் தலைப்பே கிடைக்கவில்லை என்று மாணவர்கள் அழுவதைத்தான் தாங்க முடியவில்லை. கீழ்க்கட்டளை ஏரி கண்ணெதிரே கிடக்கிறது. அதன் உபரிநீர் நாராயணபுரம் ஏரிக்குப் போய், அங்கிருந்து பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு இறங்க வேண்டும். 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த சதுப்பு நிலம் அது. 2015-லும் 2023-லும் அந்தப் பகுதி வீடுகளுக்குள் தண்ணீர் வந்ததை இந்த மாணவர்கள் மாடியில் நின்று செல்போனில் படம் எடுத்தார்கள். சிவில் மாணவன் ஒரு லெவல் கருவியைத் தூக்கிக்கொண்டு போய் அந்த உபரிநீர்க் கால்வாயின் சரிவை அளக்கலாம். எலக்ட்ரானிக்ஸ் மாணவன் நீர்மட்டத்தைப் பார்க்கும் உணரி ஒன்றை மதகில் பொருத்தி, ஒரு மழைக்காலம் முழுவதும் ஓடவைத்துக் காட்டலாம். கம்ப்யூட்டர் மாணவன் அந்த எண்களை வைத்துத் தெருவுக்குத் தெரு எச்சரிக்கை அனுப்பலாம். மூன்று துறைக்கும் ஒரே ஏரி, 10 கிரெடிட்டும் கிடைக்கும். உணரி சேற்றில் சிக்கும், மழையில் கெடும், யாராவது பிடுங்கிக்கொண்டும் போவார்கள். மறுபடி பொருத்த வேண்டும்.

ஆனால் அதற்கு வாரம் 20 மணி நேரம் நிஜமாகவே செலவாகும். அந்த நேரத்தைத் தரக் கல்லூரி டைம்டேபிளில் இடம் இல்லை, அங்கே ஆப்டிட்யூட் வகுப்பு ஓடுகிறது. அந்த வகுப்புக்கும் தனியாகக் கட்டணம் வாங்கியிருக்கிறார்கள்.