பேஸ்மென்ட் சுவருக்குப் பஞ்சு எதுக்குங்க?

மினியாபொலிஸ், டொரன்டோ பக்கம் வீடு வாங்கின பொட்டி தட்டுற மக்களே, இந்தப் பதிவு உங்களுக்குத்தான்.

பேஸ்மென்ட் சுவரை ஒட்டி மரச்சட்டம் அடிச்சு, நடுவுல கண்ணாடிப் பஞ்சைத் திணிச்சு, மேல பிளாஸ்டிக் ஷீட்டை இழுத்துக் கட்டுறாங்களே, அது இன்சுலேஷன் இல்லைங்க. பூஞ்சைப் பண்ணை!

கான்கிரீட் மண்ணுக்குள்ள நிக்குது, ஈரத்தை உறிஞ்சும். பஞ்சு காத்தைத் தடுக்காது. வீட்டு ஈரக்காத்து அதுக்குள்ள புகுந்து, சில்லுனு இருக்குற சுவர்ல பட்டு வேர்க்கும். பிளாஸ்டிக் அதைக் காய விடாது. ஊர்லேருந்து வர்ற அப்பா அம்மாவை அந்த ரூம்லதானே படுக்க வைக்கிறோம்?

ஃபோம் பலகையை நேரா கான்கிரீட்டுல ஒட்டுங்க, இடுக்கை டேப் போட்டு அடைங்க. ஈரக்காத்து சுவரைத் தொடாது. 8 அங்குல வெறும் கான்கிரீட் ஆர்-2 கூடத் தேறாது. 2 அங்குல எக்ஸ்பிஎஸ் பலகை சுமார் ஆர்-10 தரும்.

"எப்பவும் பஞ்சுதான் சார் வைப்போம்"னு காண்ட்ராக்டர் சொல்வார். பூஞ்சை பிடிச்சா பிச்செறிஞ்சு திரும்பக் கட்டுற காசு அவர் பாக்கெட்லேருந்தா வரும்?

ரெண்டே நிபந்தனை. சுவர்ல தண்ணி கசிஞ்சா முதல்ல அதை நிறுத்துங்க, கூரைத் தண்ணியை வீட்டை விட்டுத் தள்ளி விடுங்க. ஃபோமை வெறுமனே விடாதீங்க, தீப்பிடிச்சா விஷப்புகை. அமெரிக்கக் கட்டட விதிப்படி அரை அங்குல ஜிப்சம் பலகையால மூடணும்.

பஞ்சுக் கட்சிக்காரங்க யாராவது இருந்தா பின்னூட்டத்துல வந்து கும்முங்க. நான் ரெடி.